தெளிவான படம் வேண்டி

தொலைக்காட்சியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் நிலையங்கள் திறக்கப்பட்ட தேதிகளையும், மந்திரிகள் ஆற்றிய பிரசங்கங்களையும், செயற்கைக்கோள்கள் ஏவப்பட்ட விவரங்களையும், பிரசித்தி பெற்ற நிகழ்ச்சிகளின் பெயர்களையும் சிரத்தையோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அத்தனை பிரயத்தனத்தோடு ஆகாயத்தில் அனுப்பப்பட்ட படம், தெருவைக் கடந்து, மொட்டைமாடியில் இறங்கி, கூடத்தில் வீற்றிருக்கும் பெட்டிக்குள் பார்க்கத் தக்க உருவோடு புகுவதற்குள் வீட்டார் பட்ட பாடு அந்தச் சரித்திரங்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம் பெறவில்லை. படத்தை ஊர்வரையில் கொண்டுவந்து சேர்ப்பது முதலில் சர்க்காரின் காரியமாகவும், பிற்காலத்தில் கம்பெனிகளின் காரியமாகவும் இருந்துவந்திருக்கிறது. கடைசி நூறு அடி மாத்திரம் எக்காலத்திலும் வீட்டுக்காரரின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கிறது. திரையின் நடுவே சுழலும் சிறு வட்டத்தைப் பார்த்து இன்று அலுத்துக்கொள்கிறவர்கள், இது இணையம் கொண்டுவந்த புதுத் தொல்லை என்று எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தத் தொல்லைக்கு ஐம்பது வயது நிரம்பிவிட்டது.

டெல்லியில் 1959 செப்டம்பர் 15-ல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய ஒளிபரப்பு பம்பாயை எட்ட 1972 ஆயிற்று. சென்னைக்கு அது வந்தது 1975 ஆகஸ்ட் 15-ல். அன்று முதல் பட்டணத்து வீடுகளின் தலைக்கு மேல் ஒரு புதிய வஸ்து முளைக்கலாயிற்று. இரும்புக் குழாயின் உச்சியில் மீன் முள்ளைப் போல அலுமினியக் கம்பிகள் வரிசையாகக் கோக்கப்பட்ட அந்தச் சட்டத்தைக் கொண்டே, எந்த வீட்டில் டி.வி. இருக்கிறது, எந்த வீட்டில் இல்லை என்பதைத் தெருவில் போகிறவர் அறிந்துகொள்ள முடிந்தது. சென்னை நிலையம் உபயோகித்த தாழ்ந்த அலைவரிசையில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய ஐந்து மீட்டர். கம்பியின் நீளம் அதில் பாதியை ஒட்டி இருந்தாக வேண்டும் என்பது சாஸ்திரம். ஆகவே இரண்டு மீட்டருக்கு மேற்பட்ட கம்பிகளைத் தாங்கிய அந்தச் சட்டத்தை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி நிறுத்துவதே ஒரு சிறு கட்டிட வேலையாக இருந்தது.

அந்தச் சட்டத்தின் பூர்வோத்தரம் சுவாரசியமானது. 1926-ல் ஜப்பானின் சென்டாய் நகரத்துத் தோஹோகு சர்வகலாசாலையில் ஷின்டாரோ உடா என்னும் விஞ்ஞானி, பேராசிரியர் ஹிடெட்சுகு யாகியின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த அமைப்பு அது. பின்னால் ஒரு நீண்ட கம்பி அலையைத் திருப்பி அனுப்ப, நடுவில் ஒரு மடித்த கம்பி அதைக் கிரகிக்க, முன்னால் சிறிது சிறிதாகக் குறுகிச் செல்லும் கம்பிகள் அதை வழிகாட்டி அழைத்து வர, ஒரே திசையில் வரும் அலைகளை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றவற்றைத் தள்ளிவிடும் சாமர்த்தியம் அதற்கு உண்டு. பிறந்த நாட்டில் அதன் அருமையை யாரும் அறியவில்லை. 1942-ல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியச் சேனையார், அங்கே அகப்பட்ட பிரிட்டிஷ் ராடார் குறிப்புகளில் ‘யாகி’ என்று எழுதியிருந்ததன் பொருள் விளங்காமல் ஒரு கைதியை விசாரிக்கப் போய், அது தங்கள் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்று அவன் வாயால் கேட்டு அறிந்துகொண்டார்கள். யுத்தத்துக்காகக் கூர்தீட்டப்பட்ட அந்தக் கருவிதான், முப்பது சொச்சம் வருஷங்களுக்குப் பிறகு, வெள்ளிக்கிழமை இரவு ‘ஒளியும் ஒலியும்’ பார்ப்பதற்காக மயிலாப்பூர் மாடிகளிலும் பெரம்பூர் ஓட்டுக் கூரைகளிலும் ஏறி நின்றது.

ஒரே திசையை நோக்குவது அதன் குணமாகையால், அந்தத் திசையைச் சரியாகக் காட்டுவது வீட்டாரின் கடமையாயிற்று. இதற்குக் குறைந்தபட்சம் மூன்று பேர் வேண்டும். குழாயைப் பிடித்துத் திருப்ப ஒருவர் மாடியில். படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வீட்டுப் பெரியவர் பெட்டிக்கு முன்னால். இருவருக்கும் இடையே செய்தியைக் கொண்டு சேர்க்க ஒரு பையனோ பெண்ணோ ஜன்னலோரத்தில். “இப்போ எப்படி?” என்று மேலிருந்து கேள்வி வரும். “அண்ணா, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்!” என்று ஜன்னல் பதில் சொல்லும். எந்தப் பக்கம் என்பது மேலே நிற்பவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. கடைசியில் “முன்னே இருந்ததே தேவலை” என்று கூடத்திலிருந்து வரும் தீர்ப்போடு அந்த முயற்சி ஒருவாறு முடியும். இதில் மேலே இருப்பவரின் உடம்பும் சேர்ந்து அலையைப் பிரதிபலிக்கும் என்பதால், அவர் கையை எடுத்துக் கீழே இறங்கியவுடன் படம் வேறு விதமாகிவிடுவதும் உண்டு. அதைத் துரதிர்ஷ்டம் என்று நினைத்தவர்கள் பலர். பௌதிகம் என்று அறிந்தவர்கள் சிலர்.

அந்தக் காலத்துப் படத்துக்கு ஒரு பெருங்குணம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். அது தன் நோயை மறைக்காது. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப் போல, அனுபவப்பட்ட மெக்கானிக் திரையைப் பார்த்த மாத்திரத்திலேயே குறை எங்கே என்று சொல்லிவிடுவார். படம் முழுவதும் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்தால் அலை பலவீனம். ஆண்டெனாவை உயர்த்த வேண்டும், அல்லது மூட்டில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறுக்கே கோடுகள் ஓடினால் அடுத்த வீட்டு மிக்ஸியோ தெருவில் போகும் ஸ்கூட்டரோ காரணம். செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொருவர் தோன்றினால், அலை நேராகவும் வந்திருக்கிறது, ஏதோ ஓர் உயர்ந்த கட்டிடத்தில் மோதித் திரும்பியும் வந்திருக்கிறது. இந்தக் கடைசி நோயில் எந்தக் கட்டிடம் குற்றவாளி என்பதைக்கூடக் கணக்கிட்டு அறியலாம். முந்நூறு மீட்டர் அதிகமாகச் சுற்றி வரும் அலை ஒரு மைக்ரோ செகண்டு பிந்துகிறது. திரையில் ஒரு கோட்டின் காணத்தகும் பகுதியை வரைய ஆகும் காலம் ஐம்பத்திரண்டு மைக்ரோ செகண்டு. இருபது அங்குலப் பெட்டியின் அகலம் சுமார் நாற்பது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த நிழல் அசல் உருவத்துக்கு வலப்புறம் முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். அளவுகோலைத் திரைமேல் வைத்து இவ்விதம் அளந்தவர்கள் அபூர்வமே என்றாலும், அளக்கக் கூடியதாக அந்தக் குறை இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

பட்டணத்துக் கதை இவ்வளவில் இருக்க, படத் தெளிவின் பொருட்டு மனிதர்கள் செய்த உண்மையான சாகசங்களைக் காணத் தென் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். சென்னைக் கோபுரத்தின் அலைகள் அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள திருநெல்வேலிச் சீமையை எட்டும் என்று கனவிலும் நினைக்க முடியாது. அந்த நிலையில் 1982 பிப்ரவரி 15-ல், ஜப்பானிய உதவியோடு இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பமாயிற்று. அதன் முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே, அந்தத் தீவின் மிக உயர்ந்த சிகரமாகிய பிதுருதலாகலையில், 2,524 மீட்டர் உயரத்தில் அமைந்தது. அவ்வளவு உயரத்திலிருந்து புறப்படும் அலை, பூமியின் வளைவு மறைக்கும்வரை சுமார் இருநூறு கிலோமீட்டர் நேராகச் செல்லும். ராமேசுவரம் அந்தச் சிகரத்திலிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர், தூத்துக்குடி முந்நூற்றைம்பது. கணக்கின்படி அங்கே படம் தெரிவதற்கு நியாயமே இல்லை. ஆனால் தெரிந்தது.

காரணம் சமுத்திரம். வெயில் காலத்தில் தரையிலிருந்து வீசும் உலர்ந்த வெப்பக் காற்று, கடலின்மேல் படிந்திருக்கும் ஈரமான குளிர்ந்த காற்றின் மீது ஒரு விரிப்பைப் போலப் பரவும்போது, இரண்டுக்கும் இடையே அலைகளைக் கீழ்நோக்கி வளைக்கும் ஓர் அடுக்கு உண்டாகிறது. அந்த அடுக்குக்கும் கடல்மட்டத்துக்கும் நடுவே அகப்பட்ட அலை, ஒரு குழாய்க்குள் செல்வதுபோல, பூமியின் வளைவைத் தழுவிக்கொண்டே நெடுந்தூரம் போய்விடும். மன்னார் வளைகுடா அதற்கு மிகவும் வாய்ப்பான இடம். ஆகவே காற்று ஓய்ந்த இரவுகளில் தூத்துக்குடி மாடிகளில் கண்ணாடி போல விழுந்த படம், வாடைக் காற்று கிளம்பி அடுக்கைக் கலைத்துவிட்ட நாட்களில் வெறும் இரைச்சலாக மாறியது. கடலோடிகள் காற்றைப் பார்த்து மீன் பாட்டைச் சொல்வது போய், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் காற்றைப் பார்த்து அன்றிரவு படம் தெரியுமா தெரியாதா என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ரூபவாஹினிக்காக எழுப்பப்பட்ட கம்பங்கள் சென்னையில் கண்டவற்றைப் போலச் சாதாரணமானவை அல்ல. ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாயைச் செருகி முப்பது அடி, நாற்பது அடி என்று உயர்த்தி, நாலு திசையிலும் இழுகம்பி கட்டி, உச்சியில் கூடுதல் கம்பிகள் உள்ள ஆண்டெனாவைத் தென்கிழக்கு நோக்கிப் பொருத்தி, அதன் அடியில் ஒரு பூஸ்டரையும் மாட்டினார்கள். பூஸ்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதைப் பெட்டிக்குப் பின்னால் வைத்துக்கொண்டவர், நீண்ட ஒயரில் பாதி தேய்ந்து வந்த அலையையும் அதனோடு சேர்ந்த இரைச்சலையும் ஒருங்கே பெருக்கிக்கொண்டார். உச்சியில் வைத்தவர், தேய்வதற்கு முன்பே அலையைப் பெருக்கிக் கீழே அனுப்பினார். இந்த உண்மையைப் பொறியியல் கல்லூரியில் படித்து அறிந்தவர்களைவிட, மழையில் நனைந்து ஏறி இறங்கிச் சோதித்து அறிந்த ரேடியோக் கடைக்காரர்களே அதிகம். உப்புக் காற்றோ தன் பங்குக்கு அலுமினிய மூட்டுகளை ஆறே மாதத்தில் பூக்கவைத்தது. அவற்றைச் சுரண்டி, கிரீஸ் தடவி, மறுபடி முடுக்குவதும் அந்தப் பிரதேசத்தில் ஒரு ஜீவனோபாயமாக இருந்தது. மறுகரையிலும் இதே கதைதான்: யாழ்ப்பாணத்து வீடுகளின் ஆண்டெனாக்கள் தூர்தர்ஷனைத் தேடி இந்தியக் கரையை நோக்கின. ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க இரு கரையாரும் கம்பம் நட்டுக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், நடுவே இருந்த கடல் அரசியலால் சிவந்துகொண்டிருந்தது என்பது வேறு அத்தியாயம்.

1983-ல் இன்சாட்-1பி விண்ணேறியதும், மறு வருஷத்திலிருந்து நூறு வாட் சக்தியுள்ள சிறு நிலையங்கள் ஜில்லாத் தலைநகரங்களில் மளமளவென்று முளைத்ததும், பிறகு கொடைக்கானல் மலைமேல் பெரிய கோபுரம் எழுந்ததும், இந்தச் சாகச யுகத்தை முடித்துவைத்தன. தெற்குச் சீமைக்காரர் சிலர் ஒரே கம்பத்தில் இரண்டு ஆண்டெனாவை வைத்து, ஒன்றைச் சிகரத்துக்கும் ஒன்றைக் கொடைக்கானலுக்குமாகக் காட்டிக்கொண்டார்கள்.

தொண்ணூறுகளில் கேபிள் வந்தபோது, கம்பமே இனி வேண்டாம் என்று மக்கள் மகிழ்ந்தார்கள். ஆப்பரேட்டர் தம் மாடியில் ஒரு பெரிய டிஷ்ஷை வைத்து வாங்கிய படத்தை, மரத்துக்கு மரம், மின்கம்பத்துக்கு மின்கம்பம், மாடிக்கு மாடி தாவும் கறுப்பு ஒயரில் அனுப்பினார். 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. தொடங்கியபின் அந்த ஒயர் நுழையாத தெருவே தமிழ்நாட்டில் இல்லை என்னும்படி ஆயிற்று. ஆனால் படக் குறை வேறு வேஷத்தில் திரும்பி வந்தது. ஒரு ஒயரை இரண்டாகப் பிரித்தால் சக்தி பாதிக்கும் கீழே போகும். கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே போன வீடுகளில் கடைசிப் பெட்டிக்குப் புள்ளிகளே மிஞ்சின. பிளேடால் சீவி, முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்புகளுக்குள் மழைநீர் இறங்கிச் செம்பைப் பச்சையாக்கியது. இவற்றினும் விசித்திரமானது, தூர்தர்ஷன் சேனலில் தோன்றிய ஒரு நிழல். ஆண்டெனா காலத்து நிழல் எப்போதும் வலப்புறம் விழுந்தது. இதுவோ இடப்புறம் விழுந்தது. சரியாகக் கவசமிடாத ஒயருக்குள் கோபுரத்தின் அலை ஆகாய மார்க்கமாக நேரே புகுந்துவிட, ஊரையெல்லாம் சுற்றி வந்த கேபிள் படம் அதற்குப் பின்னால் தாமதமாக வந்து சேர்ந்ததால் நிழல் முந்திக்கொண்டது. நல்ல ஒயரைப் போட்டு, மூட்டுக்குத் திருகு முனை மாட்டினால் தீர்ந்துபோகும் இந்த வியாதிக்காக, எத்தனையோ பெட்டிகள் அநியாயமாக ரிப்பேர்க் கடைக்கு எடுத்துச் செல்லப்பட்டன.

வீட்டுக்கு வீடு சிறு டிஷ் வந்த கதையை நீட்டத் தேவையில்லை. மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும் என்பதையும், அதற்கு மழை விடும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு பரிகாரம் கிடையாது என்பதையும் அனைவரும் அறிவர். சுவரில் பொருத்திய போல்ட் தளர்ந்து, டிஷ் ஒரு விரற்கடை திரும்பியிருந்தால், சிறு தூறலிலேயே அந்தக் கதி நேரும் என்பதைத்தான் பலர் அறியவில்லை.

இந்தியாவில் பொதுஜனங்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்ட் 15-ல். தொலைபேசிக் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டு வந்த அது எழுத்தைத் தாங்குமேயன்றிப் படத்தைத் தாங்காது. 2004-ல் சர்க்கார் தன் கொள்கையை வகுத்தபோது, விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அதைப் பிராட்பேண்ட் எனலாம் என்று விதித்தது. அதன் கொடுமையை உணர ஓர் ஒப்புநோக்கு உதவும்: தூர்தர்ஷன் காலத்துப் படம் ஒன்றைச் சுருக்காமல் எண்ணாக மாற்றி அனுப்புவதானால் விநாடிக்கு நூற்றறுபது மெகாபிட்டுக்கு மேல் ஆகும். எவ்வளவு நசுக்கினாலும் அந்தச் சிறு வாய்க்காலில் அது எப்படி ஓடும்? ஆகவே யூடியூபில் ஒரு பாட்டைத் திறந்து, உடனே நிறுத்தி, சாம்பல் நிறக் கோடு மெல்ல மெல்ல நீண்டு முடியும்வரை காபி குடித்துவிட்டு வந்து, அதன்பின் பார்க்கும் ஒரு புதிய பொறுமை அந்த நாட்களில் வீடுகளில் பழக்கமாயிற்று.

பிறகு வந்தது ஒரு யுக்தி. படத்தைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் தயாராக வைத்து, வீட்டு இணைப்பின் வேகத்தை அவ்வப்போது பார்த்து, அதற்கு ஏற்ற துண்டை வரவழைக்கும் முறையை 2009-ல் ஆப்பிள் கம்பெனி வெளியிட்டது. 2012-ல் அதே தத்துவத்தில் சர்வதேசத் தரம் ஒன்றும் ஏற்பட்டது. இதனால் படம் நின்றுபோவது குறைந்தது. ஆனால் நோய் மறைந்துகொண்டது. வேகம் குறைந்தால் திரை நிற்காமல் மங்குகிறது. கதாநாயகியின் முகம் களிமண் பொம்மையாகிறது. பார்ப்பவர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்கிறார். மங்கலைக் கண்டதும் குறை சமுத்திரத்துக்கு அடியில் செல்லும் கேபிளிலா, தெருமுனைப் பெட்டியிலா, கூடத்துச் சுவரிலா என்று எந்த மெக்கானிக்காலும் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது, நெரிசலைக் கருதி, இந்தியாவின் வீடியோ நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் 480 கோட்டுத் தரத்துக்கு மேல் அனுப்புவதில்லை என்று கூடித் தீர்மானித்தபோதுகூட, படம் ஏன் மங்கியது என்று அறியாமல் கைப்பேசியைக் குறை கூறியவர்கள் உண்டு.

இருந்தாலும், இன்றைய வீட்டில் குறை பெரும்பாலும் அதே கடைசி நூறு அடியில்தான் இருக்கிறது. கண்ணாடி இழை இணைப்பு கொடுக்க வருகிற ஆள், ஒயரை மிச்சம் பிடிக்க வேண்டி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் பரண் மேல் ரவுட்டரை வைத்துவிட்டுப் போகிறார். வைஃபை உபயோகிக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அலையின் நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்; கான்கிரீட் சுவர் ஒவ்வொன்றும் அதைத் தேய்க்கிறது, இரும்பு பீரோ மறித்தே விடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பு அதே பட்டையில் இரைகிறது. இருபது வீடுகள் உள்ள அடுக்குமாடியில், ஒன்றோடொன்று மோதாத மூன்றே மூன்று சேனல்களை அத்தனை பேரும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இடம் தாராளம், ஆனால் அது சுவரை ஊடுருவுவதில் இன்னும் பலவீனம். ரவுட்டரைப் பரணிலிருந்து இறக்கி வீட்டின் நடுவே, ஆள் உயரத்தில், மறைப்பில்லாமல் வைத்தால் பாதித் தொல்லை தீரும். மாடியில் கம்பத்தை உயர்த்திய பாட்டனார் செய்ததும் அந்தக் காரியமே.

மீதிப் பாதிக்கு ஒரு சோதனை போதும். ரவுட்டரிலிருந்து டி.வி.க்கு நேரே ஓர் ஈதர்நெட் ஒயரை இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் மங்கினால் குறை தெருவிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது, புகார் செய்யலாம். தெளிந்தால் குறை வீட்டுக்குள். பழைய கேபிள் ஒயருக்காக ஜன்னல் சட்டத்தில் போட்ட துவாரம் இதற்குச் சௌகரியமாக உதவுகிறது. முந்நூறு மெகாபிட் வேகத்துக்குச் சந்தா கட்டிவிட்டு, அந்த வேகம் திரையில் தெரியவில்லையே என்று ஆதங்கப்படுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: கடைகளில் விற்கும் டி.வி.க்களில் பெரும்பாலானவற்றின் ஈதர்நெட் துளை நூறு மெகாபிட்டுக்கு மேல் வாங்காது, முழு எச்.டி. படத்துக்கு ஐந்து மெகாபிட்டும், 4கே படத்துக்குப் பதினைந்து முதல் இருபத்தைந்து மெகாபிட்டும் தடையில்லாமல் வந்தால் போதுமாகையால், அந்த நூறே தாராளம்.